ஏட்டு கேட்டார், கேஸ் ஷீட்டைக் கொடுத்துவிட்டேன்

வாசகர் கடிதம்: வணக்கம் மேடம். ஒரு தாலுகா ஊரில் 30 படுக்கை உள்ள தனியார் மருத்துவமனையில் வரவேற்பும் ரெக்கார்டு அறையும் பார்த்துக்கொள்கிறேன். போன மாதம் ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்து, எங்களிடம் முன்பு சிகிச்சை எடுத்த ஒரு பெண்ணின் கேஸ் ஷீட்டைக் கேட்டார். கணவர் அடித்ததாக அந்தப் பெண் புகார் கொடுத்திருக்கிறாராம். டாக்டர் ஊரில் இல்லை. லெட்டர் இருக்கிறதா என்று கேட்டேன். "விசாரணைக்கு ஒத்துழைக்கலன்னா உன் பேரையும் சேர்த்துடுவேன்" என்றார். பயந்துபோய் டிஸ்சார்ஜ் சம்மரியையும் ஹிஸ்டரி பக்கத்தையும் படம் எடுத்து அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டேன். அந்தப் பெண் மன அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிட்டது, இரண்டு வருடம் முன்பு கருக்கலைப்பு செய்துகொண்டது எல்லாம் அதில் இருந்தது. இப்போது கணவர் வீட்டார் அதை ஊரெல்லாம் பேசுகிறார்கள். எங்கள் எம்.டி., "போலீஸ் கேட்டா கொடுத்துட வேண்டியதுதான், நமக்கு எதுக்கு வம்பு" என்கிறார். நான் செய்தது தப்பா? அடுத்த முறை என்ன செய்வது? பெயர் போட வேண்டாம்.

தங்கைக்கு,

உங்கள் முதல் கேள்விக்கு நேராகவே சொல்லிவிடுகிறேன், தப்புதான். ஆனால் அந்தத் தப்பில் உங்கள் பங்கு சின்னது. டாக்டர் இல்லாத நேரத்தில் காக்கிச் சட்டையில் ஒருவர் மேசைக்கு முன்னால் நின்று அதட்டினால் என்ன சொல்ல வேண்டும், யாருக்குப் போன் போட வேண்டும் என்று உங்கள் மருத்துவமனை உங்களுக்கு ஒரு நாளாவது சொல்லிக்கொடுத்திருந்தால் இது நடந்திருக்காது. எம்.டி. இன்றைக்கும் "கொடுத்துட வேண்டியதுதான்" என்று சொல்கிறார் பாருங்கள், எனக்குக் கோபம் வருவது அங்கேதான். லெட்டர் இருக்கிறதா என்று கேட்டீர்களே, அந்த இடத்தில் நீங்கள் மிகச் சரியாக இருந்தீர்கள். சட்டமும் அதே கேள்வியைத்தான் கேட்கிறது.

வக்கீல் ஆவதற்கு முன்னால் ஒன்பது வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவள் நான். கேஷுவாலிட்டியில் நைட் டூட்டி பார்க்கும்போது, விஷம் குடித்து வந்த ஒரு சின்னப் பெண்ணின் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு ஒரு போலீஸ்காரர் அவளுடைய கேஸ் ஷீட்டைச் சத்தமாக வாசித்தார், சுற்றிலும் சொந்தக்காரர்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள், நான் ஒன்றும் சொல்லாமல் டிரிப்ஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது இன்னும் கண்ணில் இருக்கிறது. அதனால் உங்கள் பயம் எனக்குப் புரியாத விஷயம் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் நடுவில் இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன, இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிப் பிரச்சினை வருகிறது. ஒன்று, யாரும் கேட்காமலே நாமே போலீஸுக்குச் சொல்ல வேண்டியது. இன்னொன்று, போலீஸ் வந்து நம்மிடம் கேட்பது.

முதல் வழி உங்களுக்குப் பழகியதுதான். சாலை விபத்து, அடிதடி, வெட்டு, தீக்காயம், விஷம், இறந்த நிலையில் கொண்டுவரப்பட்டவர் என்று வந்தால் எம்.எல்.சி. (மருத்துவ-சட்ட வழக்கு) என்று பதிவு போட்டு, ஏ.ஆர். (விபத்துப் பதிவேடு) எழுதி, ஸ்டேஷனுக்கு இன்டிமேஷன் அனுப்புகிறோம். அதிலும் சிகிச்சைதான் முதலில் என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவர்களும் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும் வந்தால் தனியார் மருத்துவமனையானாலும் இலவசமாக உடனே சிகிச்சை கொடுத்து, போலீஸுக்கும் உடனே தெரிவிக்க வேண்டும், பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 397-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டம் இன்னும் கறார். 18 வயதுக்குக் கீழே உள்ள ஒருவருக்குப் பாலியல் குற்றம் நடந்திருக்கிறது என்று தெரிந்தால் டாக்டர், நர்ஸ், வரவேற்பில் இருப்பவர் என்று யாராக இருந்தாலும் 19-வது பிரிவின்படி தகவல் கொடுத்தே ஆக வேண்டும், கொடுக்காமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. இங்கே ஒரு முக்கியமான தளர்வு இருக்கிறது, நிறைய மருத்துவமனைகளுக்கு அது தெரியவில்லை. சம்மதத்தோடு ஏற்பட்ட உறவில் கர்ப்பமான சிறுமி கருக்கலைப்புக்கு வந்து, அவளும் காப்பாளரும் கேட்டுக்கொண்டால், போலீஸுக்குக் கொடுக்கும் தகவலில் அவள் பெயரையும் அடையாளத்தையும் டாக்டர் சொல்லத் தேவையில்லை என்று 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. பெயர் வெளியே வந்துவிடும் என்று பயந்து போலி டாக்டரிடம் போய் உயிரை விடக் கூடாது என்பதுதான் அதன் நோக்கம்.

இந்த முதல் வழியில் கூட நாம் அனுப்புவது தகவல்தான். யார் வந்தார், எப்போது வந்தார், என்ன காயம், யார் கொண்டுவந்தார். முழு கேஸ் ஷீட்டை ஜெராக்ஸ் எடுத்து இன்டிமேஷனோடு சேர்த்து அனுப்பச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

உங்களுக்கு நடந்தது இரண்டாவது வழி. இதில் அடிப்படையான பிரிவு பி.என்.எஸ்.எஸ். 94, பழைய சி.ஆர்.பி.சி.யில் 91. ஒரு ஆவணம் விசாரணைக்குத் தேவை என்றால் நீதிமன்றம் சம்மன் அனுப்பலாம், அல்லது காவல் நிலையப் பொறுப்பு அதிகாரி எழுத்துமூலம் உத்தரவு போட்டுக் கேட்கலாம். எழுத்துமூலம் என்ற அந்த வார்த்தையை நீங்கள் மனதில் வைத்துக்கொண்டால் போதும். அந்த உத்தரவு தாளில்தான் வர வேண்டும் என்றில்லை, மின்னணு வடிவிலும் வரலாம், ஆகவே நிலையத்தின் ஈமெயிலில் எஸ்.ஐ. அனுப்பினாலும் செல்லும். இன்ஸ்பெக்டரும் எஸ்.ஐ.யும் நிலையத்தில் இல்லாத நேரத்தில் அங்கே இருக்கும் ஏட்டே பொறுப்பு அதிகாரி என்ற இடத்துக்கு வந்துவிடலாம், அதனால் "ஏட்டுக்கு அதிகாரமே இல்லை" என்று எடுத்த எடுப்பில் சண்டைக்குப் போகாதீர்கள். அவர் யாராக இருந்தாலும் குற்ற எண், சட்டப் பிரிவு, எந்த ஆவணம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மெமோ கொண்டுவர வேண்டும்.

"உன் பேரையும் சேர்த்துடுவேன்" என்றாரே, எதில் சேர்ப்பார்? ஆவணத்தைக் கொடுக்க சட்டப்படி கடமைப்பட்டவர் வேண்டுமென்றே கொடுக்காமல் இருந்தால்தான் பி.என்.எஸ். என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 210-வது பிரிவு வரும். எழுத்தில் உத்தரவே வராதபோது அந்தக் கடமையே பிறக்கவில்லை. அரசு ஊழியரைத் தடுத்தது என்று 221-ஐக் காட்டுவார்கள், ஆனால் "மெமோ கொடுங்க சார், டாக்டர்கிட்ட கேட்டுத் தர்றேன்" என்று சொல்வது எந்த விதத்திலும் தடுப்பது ஆகாது. இதை நீங்கள் நம்ப வேண்டும். நம்பினால்தான் அடுத்த முறை குரல் நடுங்காமல் சொல்ல வரும்.

டாக்டர்கள் பக்கம் இருந்து பார்த்தாலும் இதே பதில்தான் கிடைக்கும். 2002-ம் ஆண்டின் மருத்துவக் கவுன்சில் நடத்தை விதிகள்தான் இன்றைக்கும் நடைமுறையில் இருக்கின்றன, 2023-ல் புதிய விதிகளை வெளியிட்ட தேசிய மருத்துவ ஆணையம் அதே மாதத்தில் அவற்றை நிறுத்திவைத்துவிட்டது. அந்த 2002 விதிகளில் 7.14 என்று ஒன்று இருக்கிறது. நோயாளியின் ரகசியத்தை மூன்று சூழலில்தான் வெளியே சொல்லலாம்: நீதிபதியின் உத்தரவுப்படி நீதிமன்றத்தில், குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து இருக்கும்போது, அறிவிக்க வேண்டிய தொற்றுநோய் விஷயத்தில். இன்னொரு விதி 1.3.2, நோயாளியோ அவர் அனுமதித்தவரோ சட்ட அதிகாரிகளோ கேட்டால், கேட்டதற்கு ஒப்புகை கொடுத்து 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். அதாவது விதியே மூன்று நாள் அவகாசம் கொடுக்கிறது. டாக்டர் ஊரில் இல்லாதபோது, நின்ற நிலையில், போனில் படம் எடுத்துக் கொடுக்க வேண்டிய அவசரம் எங்கிருந்து வந்தது?

நேர்மையாக இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் உங்களைத் தவறான தைரியத்தில் விட்டவள் ஆவேன். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதை வெளியே சொல்லாமல் காக்க சாட்சியச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது, பழைய சட்டத்தில் 126, புதிய பி.எஸ்.ஏ.வில் 132. டாக்டருக்கு அப்படி ஒரு பிரிவு நம் நாட்டில் கிடையாது. நீதிபதி கேட்டால் டாக்டர் சொல்லியாக வேண்டும். உரிய முறையில் 94-ன் கீழ் உத்தரவு வந்தால் "ரகசியம்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து மறுக்க முடியாது. விசாரணை அதிகாரி பி.என்.எஸ்.எஸ். 180-ன் கீழ் வாய்மொழியாக விசாரித்தால், தன்னைக் குற்றத்தில் மாட்டிவிடும் கேள்விகள் தவிர மற்றவற்றுக்கு உண்மையான பதில் சொல்ல வேண்டும். ஆனால் நீங்கள் பெண் என்பதால் அந்த விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்ல முடியாது, நீங்கள் குடியிருக்கும் இடத்துக்கு அவர்கள்தான் வர வேண்டும், அது 179-ல் இருக்கிறது. அவர்கள் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போடவும் தேவையில்லை, போடக் கூடாது என்றுதான் 181 சொல்கிறது. இதெல்லாம் தெரியாமல் ஸ்டேஷன் பெஞ்சில் ராத்திரி எட்டு மணி வரை உட்கார்ந்திருந்த நர்ஸுகளை எனக்குத் தெரியும்.

அந்தரங்கம் முழுமையான உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. 1998-ல், எச்.ஐ.வி. உள்ள ஒருவரின் நிலை வெளியே தெரிந்து கல்யாணம் நின்றுபோன வழக்கில், மணப்பெண்ணின் உயிர் காக்கப்பட்டது என்று மருத்துவமனை பக்கம் தீர்ப்பு வந்தது. 2017-ல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு புட்டசாமி வழக்கில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உறுதி செய்தபோதும், சட்டத்தின் பலத்தோடு, நியாயமான நோக்கத்துக்காக, தேவையான அளவுக்கு மட்டும் அரசு அதில் கை வைக்கலாம் என்றுதான் சொன்னது. உங்கள் ஏட்டு கேட்டதை இதில் வைத்துப் பாருங்கள். அடித்தார் என்பது புகார். அதற்குத் தேவை காயம் பற்றிய பக்கம், வூண்ட் சர்டிபிகேட். அந்தப் பெண் சாப்பிட்ட மாத்திரைக்கும் இரண்டு வருடத்துக்கு முந்தைய கருக்கலைப்புக்கும் அந்த அடிக்கும் என்ன சம்பந்தம்?

எல்லாவற்றையும் விட எனக்கு வலிப்பது இதுதான்: புகார் கொடுத்தவரே அந்தப் பெண். அவரிடம் போய், உங்கள் சிகிச்சை விவரம் வேண்டும், சம்மதம் எழுதிக் கொடுங்கள் என்று கேட்டிருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். நல்ல எஸ்.ஐ.க்கள் அப்படித்தான் செய்கிறார்கள், மெமோவோடு சம்மதக் கடிதத்தையும் இணைத்து அனுப்புகிறார்கள், நான் பார்த்திருக்கிறேன். முறையாக வாங்கிய ஆவணம்தான் பிறகு கோர்ட்டில் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

நீங்கள் அனுப்பிய இரண்டு விவரங்களும் சாதாரணமானவை இல்லை, இரண்டுக்கும் தனித்தனியாகச் சட்டப் பூட்டு இருக்கிறது. கருக்கலைப்புச் சட்டத்தில் 2021-ல் சேர்த்த 5ஏ பிரிவின்படி, சட்டம் அதிகாரம் கொடுத்தவரைத் தவிர வேறு யாரிடமும் அந்தப் பெண்ணின் பெயரையோ விவரத்தையோ டாக்டர் வெளியிட்டால் ஒரு வருடம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2003-ம் ஆண்டு ஒழுங்குமுறைகள் இன்னும் ஒரு படி மேலே போய், கருக்கலைப்பு அட்மிஷன் ரெஜிஸ்டரையே ரகசிய ஆவணம் என்கின்றன. கேஸ் ஷீட், தியேட்டர் ரெஜிஸ்டர் போன்றவற்றில் பெயரே எழுதக் கூடாது, ரெஜிஸ்டரில் உள்ள வரிசை எண்ணை மட்டும்தான் எழுத வேண்டும். உங்கள் மருத்துவமனையில் அப்படி நடக்கிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிற்பாடு வேறு எதற்கோ வரும்போது ஹிஸ்டரியில் ஜி2 பி1 ஏ1 (இரண்டு முறை கர்ப்பம், ஒரு பிரசவம், ஒரு கருக்கலைப்பு) என்று எழுதிவிடுவார்கள், மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கும் பையன்கூட அதைப் படித்துச் சொல்லிவிடுவான். மனநல விவரத்துக்கு 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவு. உயிருக்கு ஆபத்து, உரிய அதிகாரத்தின் உத்தரவு, பொதுப் பாதுகாப்பு போன்ற விலக்குகள் அதில் உண்டு, கணவன் மனைவி தகராறு அதில் எங்கேயும் இல்லை. சட்டத்தை மீறினால் முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறையோ பத்தாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். எச்.ஐ.வி. பற்றிய தகவலுக்கும் 2017-ல் தனிச் சட்டம் வந்துவிட்டது. இதை எல்லாம் உங்களை மிரட்டச் சொல்லவில்லை, உங்கள் எம்.டி.க்குப் படித்துக் காட்டச் சொல்கிறேன். "நமக்கு எதுக்கு வம்பு" என்று அவர் சொல்லிக்கொடுக்கும் வழியில்தான் பெரிய வம்பு உட்கார்ந்திருக்கிறது.

2023-ல் வந்த டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டி, குற்ற விசாரணைக்கு அதில் விலக்கு இருக்கிறதே என்று சிலர் வாதாடுவார்கள். விலக்கு இருப்பது உண்மைதான். அதனால் 94-ல் உள்ள எழுத்துமூலம் என்ற நிபந்தனை அழிந்துவிடவில்லை.

அடுத்த முறைக்கு இப்படிச் செய்யுங்கள். வருகிறவரை உட்கார வையுங்கள், மரியாதையாகப் பேசுங்கள், பெயர், பதவி, எந்த நிலையம், வந்த நேரம் எல்லாம் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரு தாளை டாக்டர் கையெழுத்தோடு முன்கூட்டியே தயாராக வைத்திருந்து, அதை அவரிடம் நீட்டுங்கள். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: "தங்கள் விசாரணைக்கு இம்மருத்துவமனை முழு ஒத்துழைப்பு தரும். நோயாளியின் ஆவணங்களை வழங்க, குற்ற எண், சட்டப் பிரிவு, தேவைப்படும் ஆவணத்தின் விவரம் ஆகியவற்றுடன் பி.என்.எஸ்.எஸ். 94-ன் கீழ் எழுத்துமூல உத்தரவோ, நோயாளியின் எழுத்துமூலச் சம்மதமோ தந்து உதவவும்." உத்தரவு வந்தபிறகு டாக்டர் பார்த்து, கேட்ட பக்கத்தை மட்டும் நகல் எடுத்து, சீல் வைத்த கவரில் போட்டுக் கொடுத்து ஒப்புகை வாங்கட்டும். ஒரிஜினலைக் கேட்டால், எடுத்துக்கொண்டதாக எழுதிக் கையெழுத்து வாங்காமல் விடாதீர்கள், நகல் ஒன்று நம்மிடம் இருக்க வேண்டும். சிசிடிவி பதிவு கேட்டாலும் இதே முறைதான், கூடவே பி.எஸ்.ஏ. 63-ன் கீழ் சான்றிதழ் தேவைப்படும். வாட்ஸ்அப்பில் எதையும் அனுப்பாதீர்கள், உங்கள் சொந்தப் போனில் கேஸ் ஷீட் படமே இருக்கக் கூடாது.

சில நேரம் போலீஸார் பி.என்.எஸ்.எஸ். 185-ன் கீழ் சோதனை என்று வருவார்கள். அப்போது வழியை மறிக்காதீர்கள், சாவியை ஒளிக்காதீர்கள். காரணத்தை அவர்கள் எழுதியிருக்க வேண்டும், 105-ன்படி சோதனையை வீடியோவில் பதிவு செய்ய வேண்டும், எடுத்துப் போவதற்குப் பட்டியல் தர வேண்டும், அதைக் கேட்டு வாங்குங்கள், டாக்டருக்கும் வக்கீலுக்கும் போன் போடுங்கள். அதே போல ஒருவர் கத்தியோடு வெளியே போகிறார், மனைவியைக் கொல்லப் போகிறேன் என்று வார்டில் சொல்லிவிட்டுப் போகிறார் என்றால் மெமோவுக்குக் காத்திருக்க வேண்டாம், நாமே 100-க்கு அடித்துச் சொல்ல வேண்டும். காணாமல் போனவர் புகைப்படத்தைக் காட்டி இவர் இங்கே இருக்கிறாரா என்று கேட்டால், நோயாளி நினைவோடு இருந்தால் முதலில் அவரிடம் கேளுங்கள் என்பது என் கருத்து, வீட்டை விட்டு ஓடிவந்த பெண்ணைத் தேடி வருகிறவர்கள் எல்லோரும் அவள் நல்லதுக்காக வருவதில்லை.

இனி நடந்ததற்கு. அந்த வாட்ஸ்அப் உரையாடலை அழிக்காதீர்கள், பயத்தில் கை அங்கேதான் போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதி நேரத்தோடு நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதி, டாக்டரிடமும் எம்.டி.யிடமும் கொடுத்து ஒரு நகலில் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள். நோட்டீஸ் ஏதாவது வந்தால் பதில் எழுதுமுன் உங்கள் ஊரில் ஒரு வக்கீலைப் பாருங்கள், மருத்துவமனை வக்கீல் வேண்டாம், உங்களுக்கென்று ஒருவர்.

அப்புறம், அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். மருத்துவமனை சார்பில் டாக்டரே சொன்னால் நல்லது. அவர் ஒரு வாரத்தில் சொல்லவில்லை என்றால், டாக்டருக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டு, வக்கீலிடமும் கேட்டுக்கொண்டு நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பெண் உங்களைத் திட்டலாம், அழலாம், அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். தன் விவரம் எந்தக் கை வழியாகப் போனது என்று தெரிந்தால்தான் அவரால் எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுக்க முடியும், மாநில மனித உரிமை ஆணையத்துக்கு எழுத முடியும். குடும்ப நீதிமன்றத்தில் வழக்கு நடந்தால் 1984 சட்டத்தின் 11-வது பிரிவின்படி மூடிய அறையில் விசாரிக்கக் கேட்கலாம், கேட்டால் நீதிமன்றம் கொடுத்தே ஆக வேண்டும். குடும்ப வன்முறைச் சட்டத்தில் 16-வது பிரிவிலும் மூடிய அறை விசாரணை கேட்கலாம். அந்தப் படத்தை எதிர்த்தரப்பு கோர்ட்டில் நீட்டினால், அது எப்படி வந்தது என்று அவருடைய வக்கீல் கேட்க உங்கள் ஸ்கிரீன்ஷாட்தான் ஆதாரம்.

இலவச சட்ட உதவி பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் கிடைக்கும், உங்கள் தாலுகா கோர்ட் வளாகத்திலேயே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். அந்தப் பெண்ணிடம் பேசும்போது இதையும் சொல்லுங்கள். உங்களுக்கும் அது பொருந்தும்.